கையெழுத்தில்லாத கோடுகள்

அம்மா இறந்த பிறகு கூமாப்பட்டி வீடும் தென்னந்தோப்பும் தம்பிக்குப் போயின. எனக்குக் கோலநோட்டு வந்தது. யாரும் என்னை ஏமாற்றவில்லை. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டிலும் நாடு முழுவதும் 2005ஆம் ஆண்டிலும் மகளுக்குப் பிறப்பிலேயே சொத்துரிமை உண்டு என்று சட்டம் திருத்தப்பட்டதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து நானாகத்தான் கையெழுத்துப் போட்டேன். ‘உனக்குத்தான் வேலை இருக்கே’ என்றார்கள். இருந்தது. அந்தப் பத்திரத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். ஒரு பெண் தன் பங்கைக் கைவிடும் காகிதத்துக்கு இந்த மொழி கொடுத்திருக்கும் பெயரைப் பற்றித் தமிழில் முனைவர் பட்டம் பெற்றவளாக அன்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பெட்டியிலிருந்த பழைய கோலநோட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். “அத வச்சு என்னக்கா பண்ணப்போற?” என்று தம்பி சிரித்தான்.

கோடு போடாத, சிவகாசி அச்சகத்து அட்டை போட்ட நீள நோட்டு அது. உதிர்ந்தவை போக 62 தாள்கள் மிச்சம். ஒவ்வொரு தாளின் மேலும் சின்ன எழுத்தில் ‘15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி’ என்பதுபோலக் கணக்கு. கீழே பென்சிலில் புள்ளிகள். அவற்றைச் சுற்றி நீல மையில், தூக்கியெடுக்காத கையால் போட்ட கம்பிக்கோலம். கடைசிப் பக்கங்களில் பூ, தேர், கிளி எதுவுமில்லை. கோடும் வெற்றிடமும் மட்டுமே. சில கோலங்கள் பாதியில் நிற்கின்றன.

கல்லூரியில் 2025 மார்ச்சில் மகளிர் தினத்துக்கு ஒரு கண்காட்சி வைத்தபோது அந்த நோட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் திறந்து வைத்தேன். பார்த்துவிட்டுப் போன ஒருவர் இரண்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து அழைத்தார். கலைப்பொருட்கள் வாங்கி விற்பவர். தாள் ஒன்றுக்கு 8,000 ரூபாய் தருவதாகவும், சட்டமிட்டு மாட்டத் தகுந்தவை என்றும் சொன்னார். பின்பக்கம் எழுத்துள்ள தாள்கள் மட்டும் பாதி விலை. அப்படி 11 தாள்கள் இருந்தன. அந்த எழுத்து என்னுடையது. ஆய்வு மாணவியாக இருந்தபோது, காகிதத்துக்குச் செலவழிக்க மனமில்லாமல், அந்த நோட்டின் பின்பக்கங்களில் குறிப்பெடுத்திருந்தேன். என் ஆய்வுத் தலைப்பு சங்கப் பெண்பாற் புலவர்கள்.

தம்பியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். மறுமுனையில் கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு கேட்டான்: “அது அம்மாவோடதுதானக்கா? அப்ப எனக்கும் பங்கு இருக்குல்ல?”

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆறு ஆண்டுகள் என் அலமாரியில் குப்பையாக இருந்த ஒன்று, ஒருவர் விலை சொன்ன நிமிடத்தில் சொத்தாகிவிட்டது. சொத்தானதும் அதற்கு வாரிசுகள் முளைத்துவிட்டார்கள், என்னையும் சேர்த்து. இந்தக் கட்டுரையில் நான் கேட்க விரும்பும் கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது. விற்பதற்காகச் செய்யாத ஒன்றுக்கு, செய்தவள் போன பிறகு விலை வந்தால், அந்த விலை யாருடையது?

*

அப்போது நான் நஸ்ரீன் மொஹமதியைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். 1937இல் கராச்சியில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாயை இழந்தவர். குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப் பள்ளியிலும் பின்னர் பாரிசிலும் படித்தார். 1972இலிருந்து பரோடா பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையில் ஆசிரியர். உருவங்களும் கதைகளும் நிரம்பிய ஓவியங்களைச் சுற்றியிருந்தவர்கள் வரைந்துகொண்டிருந்த காலத்தில், இவர் தாள், பென்சில், கறுப்பு மை, கட்டடப் பொறியாளர்கள் பயன்படுத்தும் கோடிழுக்கும் பேனா ஆகியவற்றோடு நின்றுகொண்டார். முதலில் கட்டங்கள், பிறகு சாய்கோடுகள், கடைசியில் வெற்றுத்தாளில் மிதக்கும் ஒன்றிரண்டு கோடுகள். அவர் எடுத்த ஒளிப்படங்களில் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல்கள் இருக்கின்றன. எங்களூர்ப் பக்கம் சுந்தரபாண்டியத்தில் பாவு ஓடும் தெருவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் படங்களில் புரியாமல்போக ஒன்றுமில்லை. அந்த ஒளிப்படங்களை உயிரோடிருந்தவரை அவர் காட்சிக்கு வைக்கவில்லை.

கடைசி ஆண்டுகளில் நரம்பு நோயால் அவருடைய உடல் அவர் சொல்படி கேட்காமலானது. கைகால்கள் தாமாக அசைந்தன. ஆனால் தாளில் விழுந்த கோடு அசையவில்லை. 1990இல், 53 வயதுக்குள், இறந்துபோனார்.

அவர் தன் படங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பு வைக்கவில்லை. கையெழுத்திடவில்லை. மிகச் சிலவற்றில்தான் தேதி உண்டு. பலவற்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டார். இறந்து 17 ஆண்டுகள் கழித்து, 2007இல், ஜெர்மனியின் டாகுமெண்டா கண்காட்சியில் அவருடைய படைப்புகள் வைக்கப்பட்டன. 2013இல் டெல்லி கிரண் நாடார் அருங்காட்சியகம், 2015இல் மாட்ரிட், 2016இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் புதிதாகத் திறந்த மெட் பிராயர் கட்டடத்தின் தொடக்கக் கண்காட்சி என்று வரிசையாக வந்தன. இன்று உலகின் பெரிய ஏல நிறுவனங்களின் அட்டவணைகளில் அவருடைய தாள்கள் வருகின்றன. அட்டவணையில் எழுதியிருப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: தலைப்பற்றது, தாளில் மையும் பென்சிலும், நீள அகலம். அடுத்ததாக அது யார் யாரிடமிருந்து கைமாறி வந்தது என்ற வம்சாவளி. அதன்பின் எதிர்பார்க்கும் விலை. அந்த விலைகள் லட்சங்களில் இருக்கின்றன.

ஒரு தாளுக்கு லட்சங்கள் எப்படி வருகின்றன? காகிதத்தின் விலையோ மையின் விலையோ அங்கே செல்லாது. வரைந்தவர் எத்தனை மணிநேரம் முதுகு வளைந்தார் என்பதும் செல்லாது. ஏலக்கூடத்தில் விலையை உயர்த்த ஒரே பொருளை விரும்பும் இரண்டுபேர் போதும். அந்த விருப்பத்தை அருங்காட்சியகங்களும் விமர்சகர்களும் தயாரிக்கிறார்கள். கலைஞரின் மரணமும் அதில் சேர்ந்துகொள்கிறது. இனி ஒரு கோடுகூடக் கூடாது என்ற உத்தரவாதம் மரணத்தைத் தவிர வேறு யாரால் தர முடியும்? நஸ்ரீன் மதித்த மூத்த அரூப ஓவியர் கைதொண்டேயின் 1961ஆம் ஆண்டு ஓவியம் 2021இல் 39.98 கோடி ரூபாய்க்குப் போனது. அமிர்தா ஷேர்கில் 1937இல் வரைந்த ‘கதைசொல்லி’ 2023இல் 61.8 கோடிக்குப் போனது. அந்த நாளில் இந்திய ஓவியம் எதற்கும் ஏலத்தில் கிடைத்திராத தொகை. ஷேர்கில் 1941இல், 28 வயதில், இறந்துபோனவர்.

61 கோடியில் ஒரு பெண்ணின் பெயர் முதலிடத்தில் நின்றதைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன், மறைக்கவில்லை. மகிழ்ந்து முடித்த பிறகுதான் அந்தப் பணம் வாங்கியவரிடமிருந்து விற்றவருக்கும் ஏல நிறுவனத்துக்கும் போகிறது, வரைந்தவள் பக்கமே வரவில்லை என்பது உறைத்தது.

*

இந்த இடத்தில் ஒரு வலை இருக்கிறது. நானே பலமுறை விழுந்திருக்கிறேன். நஸ்ரீன் சந்தையைப் பொருட்படுத்தவில்லை, ஆகவே அவர் தூய்மையானவர், சந்தை அவரை இப்போது அசுத்தப்படுத்துகிறது என்று எழுதிவிடுவது எளிது. ஆண் கலைஞன் விற்றால் வெற்றி, பெண் விற்காமலிருந்தால் தவம். காசு வாங்காமல் சமைப்பவளைத்தான் அன்னபூரணி என்கிறோம். காசு வாங்கிச் சமைப்பவள் சமையல்காரி. பெண்ணின் உழைப்பு இலவசமாக இருக்கும்வரைதான் அது அன்பு, பக்தி, கலை. இந்தப் பாராட்டுக்குள் ஒளிந்திருப்பது கூலி மறுப்பு.

விற்காமலிருப்பதற்கும் வசதி வேண்டும். நஸ்ரீனின் குடும்பம் வணிகக் குடும்பம். தவிர அவருக்கென ஒரு பல்கலைக்கழக வேலை இருந்தது. எளிமையாக வாழ்ந்தார், ஆனால் அந்த எளிமையை அவரே தேர்ந்துகொண்டார். கையெழுத்துப் போடாததும் அவர் எடுத்த முடிவு. எங்கள் வீட்டு நோட்டில் கையெழுத்து இல்லாததற்கு அப்படி ஒரு முடிவு காரணமில்லை. அங்கே கையெழுத்துப் போடலாம் என்று யாருக்கும் தோன்றியதே கிடையாது. இரண்டு தாள்களும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலத் தெரியலாம். ஒன்றில் பெயர் விலக்கப்பட்டிருக்கிறது, மற்றதில் பெயர் நுழையவே இல்லை. இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. வரலாற்றால்தான் பார்க்க முடியும்.

கலை, கைவினை என்ற பிரிவும் இப்படித்தான். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் வழிகாட்டுதலில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, அங்கிருந்த ஓவியர்கள் பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்த வருமானத்தில் ஓவியம் வரைந்தார்கள். கைவினை வயிற்றுக்கு, ஓவியம் தமக்கு. மதிக்கத்தக்க ஏற்பாடுதான். ஆனால் வாசலில் குனிந்து நிற்கும் பெண்ணுக்கு அந்த இரண்டாவது அறை கிடையாது. அவள் செய்வது முழுவதும் கைவினை. அதற்குக் காசும் இல்லை. 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தின் வரிசை இலக்கணத்தைக் கணினி அறிவியலின் மொழியில் எழுதினார்கள். இரண்டு பெண் கணிதவியலாளர்கள் அதில் இருந்தார்கள் என்பதை என் மாணவிகளுக்குப் பெருமையோடு சொல்வேன். கோலத்துக்குள் கணிதம் இருந்ததென்று உலகம் அப்போது ஒப்புக்கொண்டது. கோலம் போட்டவளைக் கணக்குத் தெரிந்தவள் என்று எந்த வீடும் ஒப்புக்கொள்ளவில்லை.

*

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ‘மாலைப் பிரார்த்தனை’ அவர் காலத்தில் சுமார் ஆயிரம் பிராங்குக்குக் கைமாறியது. அவர் இறந்த பிறகு, 1889இல், பாரிஸ் ஏலத்தில் 5,53,000 பிராங்கு. படம் ஏறிய உயரத்தில் ஓவியர் குடும்பத்துக்கு ஒன்றுமில்லை. இதுபோன்ற கதைகள் கிளப்பிய மனசாட்சியில்தான் 1920இல் பிரான்ஸ் மறுவிற்பனைப் பங்குரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு முறை கைமாறும்போதும் படைத்தவருக்கோ வாரிசுக்கோ ஒரு பங்கு.

நம்மிடமும் அது இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 53ஏ பிரிவு. ஓவியம், சிற்பம், வரைபடம், இலக்கியத்தின் மூலக் கையெழுத்துப் பிரதி ஆகியவற்றின் மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைத் தாண்டினால் படைத்தவருக்கு, அவருக்குப் பின் சட்ட வாரிசுகளுக்கு, 10 விழுக்காட்டுக்கு மிகாத பங்கு உண்டு. நடைமுறையில் இந்தப் பிரிவு பெரும்பாலும் ஏட்டில்தான் இருக்கிறது. ஆனாலும் அதன் பின்னுள்ள எண்ணம் எனக்கு முக்கியமானது. ஒரு பொருளை விற்றுவிட்டாலும் செய்தவருக்கும் அதற்கும் உள்ள உறவு தீர்ந்துவிடுவதில்லை என்று ஒரு சட்டம் ஒப்புக்கொள்கிறது. தொப்புள்கொடியை அறுத்த பிறகும் தாய் தாயாகவே இருப்பதைப்போல.

அந்த உறவைக் கோர முதலில் பெயர் வேண்டும். தமிழுக்குப் பெயரில்லாமை புதிதல்ல. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள், பெயர் தெரியாத புலவர்களுக்கு அவர்கள் பாட்டில் இருந்த ஒரு தொடரையே பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயனீரார் அப்படி வந்த பெயர். காக்கையைப் பாடியதால் நச்செள்ளையார் காக்கைபாடினியார் ஆனார். தொடரைப் பெயராகக் கொண்டவர்களில் எத்தனைபேர் பெண்கள் என்று என் ஆய்வேட்டில் ஒரு இயல் முழுக்க முட்டிமோதியிருக்கிறேன். விடை கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தொகுப்பாளர்களிடம் ஒரு நேர்மை இருந்தது. ஆள் தெரியாவிட்டாலும் ஆள் ஒருவர் இருந்தார் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ‘நாட்டுப்புறம்’ என்று ஒரே சொல்லால் மூடிவிட்டுப் போகவில்லை.

எங்கள் பக்கத்து ஊர்க்காரியான ஆண்டாள், திருப்பாவையின் கடைசிப் பாட்டில் தன் பெயரைச் சொல்லி முடிக்கிறாள். கோதை என்ற அந்தப் பெயருக்கு முன்னால் தந்தையின் பெயரும் நிற்கிறது. எப்படியோ, பெயரைப் போட்டுவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைத் தாண்டிப் பேருந்தில் போகும்போதெல்லாம் இதை நினைப்பேன். அந்தத் துணிச்சல் இந்த வட்டாரத்தில் அதன்பிறகு எத்தனை பெண்களுக்கு வாய்த்தது?

இவ்வளவும் யோசித்து முடித்து, அம்மாவின் பெயரை நிலைநாட்டுவது என்ற முடிவோடு, 2025 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன்.

*

கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் பேருந்தில் இடமில்லை. அதற்கு முந்தைய மாதம் கூமாப்பட்டியைப் பற்றிய இன்ஸ்டாகிராம் காணொளிகள் பரவி, பிளவக்கல் அணையையும் தண்ணீரையும் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ‘தீவு எங்க இருக்கு?’ என்று என்னிடமே இரண்டு பையன்கள் கேட்டார்கள். ஊர் அப்படியேதான் இருந்தது. அதே மலை, அதே கண்மாய், அதே தோப்பு. யாரோ பார்த்ததும் அதற்கும் ஒரு விலை வந்துவிட்டிருந்தது.

வீட்டில் தம்பி குடும்பமும் சித்தியும் இருக்கிறார்கள். சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணமாகி மூன்றாம் வருடம் கணவனை இழந்து, 25 வயதில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்தவர். எனக்கு நினைவு தெரிந்தநாள் முதல் அங்கேதான். நோட்டைத் திண்ணையில் விரித்து, “அம்மா போட்ட கோலத்துக்கு இப்ப என்ன வெல சொல்றாங்க தெரியுமா சித்தி?” என்றேன்.

சித்தி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பக்கம் பக்கமாகப் புரட்டினார். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, “இது தப்பாப் போயிருச்சு. ஒரு புள்ளி விட்டுப்போச்சு எனக்கு” என்றார்.

“ஒங்களுக்கா?”

“பின்ன? பேப்பர்ல போட்டதெல்லாம் நான்தானத்தா. ஒங்கம்மா காலைல பாத்து வாசல்ல போடுவா.”

நான் பேசவில்லை. சித்தியே சொன்னார்: “எனக்கு வாசல் கெடையாதுல்ல.”

குரலில் குற்றச்சாட்டு எதுவுமில்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னார். தாலியறுத்தவள் வாசலில் கோலம் போட்டால் வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் அப்பத்தாவின் சட்டம். அப்பத்தா போன பிறகும் அதை யாரும் நீக்கவில்லை. அம்மாவும் நீக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மண்ணில் இடமில்லாதவர் தாளில் போட்டார். கோலங்கள் பகலில் காலடியில் அழிவதற்குத்தான் பிறக்கின்றன. சித்தியினுடையவை மட்டும் நோட்டில் மிஞ்சியதற்குக் காரணம், அவற்றுக்கு அழிவதற்கும் ஒரு வாசல் இல்லாமல்போனது.

எனக்கு இது எப்படித் தெரியாமல்போனது? தெரியாமல் இல்லை. ராத்திரி அடுப்படி ஓரம் விளக்கைப் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டு சித்தி பென்சிலோடு குனிந்திருந்த காட்சி இப்போதும் கண்ணில் இருக்கிறது. அம்மா போட்டதைச் சித்தி மறக்காமல் எழுதிவைக்கிறார் என்று நானே முடிவுசெய்துகொண்டிருந்தேன். சுமங்கலி படைப்பவள், விதவை பிரதியெடுப்பவள் என்ற வரிசை எனக்குள் பதிந்திருந்தது. பெண்பாற் புலவர்களின் பெயர்களைத் தேடித் தேடிக் குறிப்பெடுத்த நான், அந்தக் குறிப்பையெல்லாம் பக்கத்து அறையில் உயிரோடிருந்த ஒரு பெண்ணின் தாளுக்குப் பின்னால்தான் எழுதியிருக்கிறேன். ஔவையார், வெள்ளிவீதியார், காக்கைபாடினியார், ஒக்கூர் மாசாத்தியார் என்று என் கையெழுத்து ஓடுகிறது. தாளைத் திருப்பினால் பெயரில்லாத கோலம்.

“வாரிசு இல்ல, ஆளே இங்க இருக்கு” என்று தம்பியிடம் சொன்னேன். அவன் ஒன்றும் மறுக்கவில்லை. அன்றைக்கு அந்த வழக்கு அங்கேயே முடிந்தது.

*

சென்னைக்காரரை அழைத்து விவரம் சொன்னேன். மூன்று நிபந்தனைகள் வைத்தேன். சித்தியின் பெயர் ரசீதிலும் சட்டத்தின் பின்னும் இருக்க வேண்டும். யாரும் மறுபடி விற்றால் 10 விழுக்காடு சித்திக்கு வர வேண்டும் என்று எழுதித்தர வேண்டும். பின்பக்கம் எழுதிய தாள்களைக் கேட்கக் கூடாது.

அவர் மரியாதையாகத்தான் பேசினார். “மேடம், இந்த மாதிரிப் பொருளுக்குப் பெயர் இல்லாம இருக்கறதுதான் அழகு. கிராமத்துல யாரோ ஒரு பாட்டி போட்டதுன்னு சொன்னாத்தான் வாங்கறவங்களுக்குப் பிடிக்கும். பெயர் போட்டா இது யாருன்னு கேப்பாங்க. பெரிய ஆர்ட்டிஸ்டான்னு கேப்பாங்க.” யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். பிறகு அழைக்கவில்லை.

அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. நஸ்ரீனின் தாளில் பெயரில்லாவிட்டாலும் அது நஸ்ரீனுடையது என்பதால்தான் விலை. சித்தியின் தாள் யாருடையதும் இல்லை என்பதால்தான் விலை. சந்தை இரண்டுபேருடைய மௌனத்தையும் வாங்குகிறது. ஆனால் ஒன்றை ஆளுமை என்று வாங்குகிறது, மற்றதை அடையாளமின்மை என்று.

நான் சரியாகச் செய்தேன் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்தமுறை போனபோது சித்தி கேட்டார்: “அந்த ஆளு வரலயாத்தா?” நிபந்தனைகளை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல” என்றார்.

உண்மைதான். அம்மாவின் பெயரால் ஒருமுறை முடிவெடுத்தேன், சித்தியின் பெயரால் இன்னொரு முறை. இரண்டுமுறையும் கேட்கவில்லை. என் கொள்கைக்கு நான் கொடுத்த விலை பூஜ்யம். சித்தி கொடுத்தது, அன்று அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய சில லட்சங்கள். அந்தப் பெண்ணுக்கு அரசு தரும் விதவை ஓய்வூதியம் தவிரத் தன் பெயரில் ஒரு காசு வந்ததில்லை. பெயரில்லாமல் விற்பது அநீதி என்றால், பெயருக்காக விற்கவிடாமல் செய்ததும் அவர் வாயில் என் சொல்லைத் திணித்ததுதான். பெண்களுக்காகப் பேசுவதைத் தொழிலாகக் கொண்ட நாம் எல்லோரும் இந்தத் தவறை எப்போதாவது செய்திருப்போம். நியாயமான கோரிக்கைகூட அது யாருக்குரியதோ அவருடைய வாயிலிருந்து வரவேண்டும்.

“நீங்க சொல்லுங்க சித்தி, என்ன செய்யணும்?” என்றேன். அவர் யோசிக்க நேரமே எடுக்கவில்லை. விற்கலாம். ஆனால் நோட்டை முழுசாகக் கொடுக்கக் கூடாது. எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று அவரே பிரித்துத் தருவார். பணம் போஸ்டாபீசில் அவர் பெயரில் விழ வேண்டும், தம்பி கணக்கிலோ என் கணக்கிலோ கூடாது. பெயர்? “மேல போட்டா கோடு கெட்டுப்போகும். பின்னால வேணா போட்டுக்க.”

முதலில் என் கடனைத் தீர்ப்பது என்று முடிவுசெய்தேன். நான் எழுதிக் கெடுத்த தாள்கள் 11. பாதி விலைக்கு இறங்கியவை. முழு விலை போட்டால் 88,000 ரூபாய். மாதம் 8,000 என்று 11 மாதம் கட்ட ஒப்புக்கொண்டேன். “வீட்டுக்குள்ளயே ஏலமாக்கா?” என்று தம்பி சிரித்தான். சிரிக்கட்டும். ஏலத்தில் போட்டியிட இரண்டாவது ஆள் வேண்டும், இங்கே யாருமில்லை. வாங்குகிறேன் என்றும் சொல்ல முடியாது. தாள்கள் சித்தியிடமே இருக்கின்றன. நான் கட்டுவது, கேட்காமல் உபயோகித்த காகிதத்துக்கான காசு. விடுதலைப் பத்திரத்தில் நான் எழுதிக்கொடுத்ததோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை.

இதை எழுதும்போது ஐந்து தவணைகள் கட்டியிருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட சித்தி, அந்தப் பதினொரு தாள்களின் பின்பக்கத்தில், என் புலவர் பட்டியலுக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில், தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார். ஒரு தாளில் இடம் போதாமல் என் வரி ஒன்றின்மேல் எழுதிவிட்டு, “அழிச்சிரட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மற்ற 51 தாள்களையும் இன்னும் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். அவசரம் ஒன்றுமில்லை என்கிறார்.